வால்வு விரதம்

அத்தியாயம் 4

தனிஸ்லாஸ் வீட்டில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஒரு தகவலும் கிடைக்காமல் கனகலட்சுமி படியிறங்கி வந்தபோது, கீழ்த்தளத்தில் ஒரு பெண்மணி ஈரத் துடைப்பத்தோடு வழியை மறித்து நின்றாள்.

"நீங்கதான் துப்பறியிற அம்மாவா?"

"ஆமா."

"அப்ப மொதல்ல எங்க வீட்டு பாத்ரூமைத் துப்பறிஞ்சிட்டுப் போங்க."

பின்னால் வந்த அவள் உதவியாளன் ஜோ, "அக்கா, நம்ம விசிட்டிங் கார்டுல 'கழிவறை உட்பட'ன்னு போடலையே," என்றான்.

ஜோ சொல்வதற்குச் சிரிக்கும் வழக்கம் கனகலட்சுமிக்கு இல்லை. சிரித்தால் இன்னொன்று சொல்வான். சிரிக்காவிட்டாலும் சொல்வான். ஆனால் சிரிக்காமல் இருந்தால் முகத்துக்காவது ஓய்வு. அவனைவிட அவள் ஏழெட்டு வயது மூத்தவள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நனைந்த வீடுகளையும் எரிந்த கடைகளையும் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கும் வேலைதான் வரும். கல்யாணப் பெண் காணாமல் போன வேலை வந்தது இதுதான் முதல் முறை.

பெண்ணின் பெயர் ஆஷ்லின். கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். புதன்கிழமை வேலைக்குப் போனவள் விளாங்குடி வீட்டுக்குத் திரும்பவில்லை. போன் அணைந்திருந்தது. மாதா கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை நாளைக்கு. மாப்பிள்ளை ஆன்சன் கல்யாணத்தை முடித்துக்கொண்டு போகலாம் என்று வெளிநாட்டிலிருந்து வந்து, லீவு தீரும் நிலையில் தன் சொந்த அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சந்தேகமே இல்லை. மகளோடு வேலை பார்க்கும் சிவபாண்டி என்ற கொட்டாம்பட்டிப் பையன்தான் கடத்திவிட்டான் என்று புகார் கொடுத்தார். புதன்கிழமை மாலை அவன் பைக்கில் அவள் உட்கார்ந்து வந்ததைப் பார்த்த ஆள் இருந்தது. நேற்றுக் காலையிலிருந்து சிவபாண்டி ஸ்டேஷனில் இருக்கிறான். இன்று மாலைக்குள் பெண் கிடைக்காவிட்டால் கடத்தல் வழக்குப் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவார்கள். "பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டேன் சார்" என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்லவில்லை. யாரும் நம்பாததால் கடைசியில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டானாம்.

பெண்ணை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கத்தான் தனிஸ்லாஸ் கனகலட்சுமியைக் கூப்பிட்டிருந்தார்.

அடுக்குமாடியின் கேட்டுக்கு வெளியே, சிவபாண்டியின் அம்மா தங்கப்பொண்ணு கறுப்புக் குடையோடு நின்றிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். யாரையும் திட்டவில்லை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. உள்ளே வரும்போது கனகலட்சுமி பேச்சுக் கொடுத்ததற்கு, "எம்மகன் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கிட்டத்தான் கூட்டிட்டு வந்திருப்பான். அவனுக்கு வேற போக்கிடம் ஏது?" என்றாள். போலீஸ் எழுதிய எல்லாவற்றையும்விட இது கனகலட்சுமிக்கு உறுதியான சாட்சியாகப் பட்டது. கோர்ட்டில் செல்லாது, அவ்வளவுதான்.

"என்னம்மா பாத்ரூம்ல?" என்று துடைப்பத்துக்காரியிடம் கேட்டாள்.

அவள் பெயர் அழகம்மாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். நேற்றுச் சாயங்காலம் மழையில் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் பொங்கி வந்து, கொடுக்க வேண்டிய ஜாக்கெட் துணிகளை எல்லாம் நனைத்துவிட்டது. துணிகள் நாற்காலி, கட்டில், சுவாமி படம் என்று சகல இடத்திலும் காய்ந்துகொண்டிருந்தன.

"போன வருசம் மழைக்குத் தெருச் சாக்கடை எதுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துச்சு. அம்புட்டு நாத்தம். அப்பறந்தான் கேட்டு ஓரத்துல அந்த வால்வைப் போட்டாய்ங்க. இனிமே சாக்கடை திரும்பி வரவே வராதுன்னு தனிஸ்லாஸ் சார் மீட்டிங் போட்டுச் சொன்னாரு. நேத்து வந்துருச்சே! அதுவும் எப்பிடி வந்துச்சு தெரியுமா?"

"எப்படி?"

"மணந்துக்கிட்டு வந்துச்சு."

ஜோ குறிப்பெடுப்பது போல் தலையாட்டினான்.

"சிரிக்காதீங்க தம்பி. சாக்கடைன்னா சாக்கடை மாதிரி நாற வேண்டாமா? ஒரே நுரை. சீயக்காய் வாசம். மேல எண்ணெய் மினுமினுன்னு மெதக்குது. வீடு பூராம் யாரோ தலைக்கு ஊத்தின மாதிரி இருக்கு. இதை நான் யார்கிட்ட போயிச் சொல்ல? சாக்கடை நல்லா மணக்குதுன்னு புகார் குடுத்தா என்னைய ஒரு மாதிரி பாக்க மாட்டாய்ங்களா?"

கனகலட்சுமி பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். தரை கழுவியிருந்தது. நனைந்த ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சீயக்காய். நல்லெண்ணெய்.

"வாங்க ஜோ," என்றாள். "அந்த வால்வைப் பாத்துட்டுப் போயிருவோம்."

"அக்கா, நமக்குப் பொண்ணு காணாமப் போன கேஸு."

"தெரியும்."

"வால்வு காணாமப் போகல. அங்கனதான் இருக்கு."

ஒரு சின்னக் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரிய கேள்விக்குப் போக அவளுக்கு வராது. அதைத் திறமை என்று கம்பெனியில் சொன்னார்கள். அவள் புருஷன் வேறு ஒரு பெயர் வைத்திருந்தான்.

கேட்டு ஓரத்துத் தொட்டியின் சிமென்ட் மூடியை ஜோ கம்பி போட்டுத் தூக்கினான். நாலு வீட்டுக் குழாயும் ஒன்று சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போகும் இடம் அது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் மூடியைத் திருகிக் கழற்றியதும் உள்ளே ஒரு தட்டு தொங்கியது. கனகலட்சுமி ஒரு குச்சியால் அதைத் தெருப் பக்கமாகத் தள்ளினாள். திறந்தது. வீட்டுப் பக்கமாகத் தள்ளினாள். பொட்டென்று மூடிக்கொண்டது. மறுபடியும் தள்ளினாள். அசையவில்லை.

"வீட்டுத் தண்ணி வந்தா தட்டைத் தள்ளிட்டு வெளிய போயிரும். தெருத் தண்ணி எதுத்து வந்தா அதுவே தட்டை அமுக்கி மூடிரும்," என்றாள். "ஒருவழிக் கதவு. எத்தனையோ கட்டடத்துல பாத்திருக்கேன்."

"கெட்டுப் போச்சா?"

"இந்தப் பக்கம் பாருங்க."

தட்டின் தெருப் பக்கத்தில் பாலிதீன் கிழிசலும் கறுப்புச் சேறும் அப்பியிருந்தன. வீட்டுப் பக்கத்தில் சேற்றின் தடமே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும், சீயக்காய்த் துகளும், ஒரு நீளமான தலைமுடியும் ஒட்டியிருந்தன.

"வெளிப்பக்கம் தெரு. உள்பக்கம் குளியல். தெருவுல இருந்து ஒரு சொட்டு உள்ள வரல. வால்வு அது வேலையை ஒழுங்காப் பாத்திருக்கு. அது மூடியிருந்த நேரத்துல உள்ள யாரோ குளிச்சிருக்காங்க. வெளிய போக வழியில்லாத தண்ணி, எல்லாத்துக்கும் கீழ இருக்கிற ஓட்டை வழியா வந்துருச்சு."

அழகம்மாள் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்திருந்தாள். "அதெப்படி? நேத்து வால்வு விரதமாச்சே!"

"என்ன விரதம்?"

"மழை பலமா வந்து தெருவுல சாக்கடை மூடி ஆட ஆரம்பிச்சா, வால்வு மூடிக்கிச்சுன்னு அர்த்தம். ஒடனே தனிஸ்லாஸ் சார் வாட்ஸ்அப்புல அறிக்கை விடுவாரு. அவரு மறுபடி சொல்ற வரைக்கும் ஒருத்தர் தண்ணி தொறக்கக் கூடாது. குளிக்கக் கூடாது, பாத்திரம் வெளக்கக் கூடாது. வால்வு விரதம்னு பேரு வச்சிருக்கோம். ஒருக்கா மாடி வீட்டம்மா மறந்துபோயி வாசிங் மெஷின் போட்ருச்சு. நான் ஏறிப்போயிப் பேசின பேச்சுல, அதுக்கப்பறம் ஒருத்தரும் மறக்குறதில்ல."

"எங்க தவக்காலத்துல கூட இம்புட்டுக் கண்டிப்பு இல்லக்கா," என்றான் ஜோ.

அழகம்மாள் தன் போனில் நேற்றைய அறிக்கையைக் காட்டினாள். 'அன்புடையீர், வால்வு மூடிக்கொண்டது. மறு அறிவிப்பு வரும்வரை எவரும் தண்ணீர் உபயோகிக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இவண், செயலாளர்.' மகள் காணாமல் போன இரண்டாம் நாளும் மனிதர் 'இவண்' போட மறக்கவில்லை.

மாடிக்கு ஒரு வீடு. தரையில் அழகம்மாள். அவள் தன் வீட்டைத் தானே நனைத்துக்கொள்ள மாட்டாள். முதல் மாடியில் தனிஸ்லாஸ். அங்கே நேற்று ஆஷ்லின் திரும்பி வருவதற்காக ஜெபக் கூட்டம் நடந்தது. வீடு நிறைய ஆட்கள். கை கழுவத் தண்ணீர் கேட்ட ஒருவருக்குத் தனிஸ்லாஸ் பழைய செய்தித்தாளைக் கொடுத்தாராம். இரண்டாம் மாடியில் இசைவாணி, தனியார் வங்கியில் வேலை, ஒரு குழந்தை. மூன்றாம் மாடி வீட்டுக்காரர் தோகாவில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி செயலாளர் தனிஸ்லாஸ் பொறுப்பில்.

இசைவாணி கதவைத் திறந்ததும், கேட்காமலேயே சத்தியம் செய்தாள்.

"நான் இல்லைங்க. பையன் கால் முழுக்கச் சேறு. மழை விடுற வரைக்கும் அவனைச் சேர்லயே உக்கார வச்சு பிஸ்கட் குடுத்துக்கிட்டு இருந்தேன். அழகம்மாக்காகிட்ட இன்னொரு தடவை பேச்சு வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் முடி தோள்வரை வெட்டியிருந்தது. வால்வில் ஒட்டியிருந்தது அதைவிட இரண்டு மடங்கு நீளம்.

"மேல் வீட்டுல ஏதாவது சத்தம் கேக்குமா?"

"மேல ஆளே இல்லைங்க. ரெண்டு மூணு நாளா ராத்திரி பாத்திரம் உருளுற மாதிரி ஏதோ கேக்கும். எலின்னு நெனச்சுக்கிட்டேன்."

"நேத்து மழை நேரத்துல?"

"நேத்தா? மழைச் சத்தத்துல பையன் அழுததே எனக்குக் கேக்கல."

கதவு மூடியது. கனகலட்சுமி படியிலேயே நின்றுவிட்டாள். இந்த மாதிரி நிற்கும்போது ஜோ எதுவும் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் அவனால் பேசாமல் இருக்க முடிந்த நேரம் கொஞ்சம்தான்.

"அக்கா, படியில நின்னா வாடகை கேப்பாய்ங்க."

"ஜோ, கொட்டுற மழையில, சாயங்கால நேரத்துல, யாராவது எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாங்களா?"

"எங்கம்மா பாத்தா சளி பிடிக்கும்னு தெருவையே கூட்டிரும்."

"அப்ப ஏன் அந்த நேரம்?"

"வேற நேரம் கெடைக்கல."

"வேற நேரத்துல தண்ணி விழுற சத்தம் கேக்கும். மழையில கேக்காது. ரெண்டு நாளா ஒரு செம்புத் தண்ணி ஊத்தக்கூடப் பயந்துக்கிட்டு இருந்த ஒரு ஆள், மழை வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

தலையில் எண்ணெயோடு ஒரு பெண் மழைக்காக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது கனகலட்சுமியின் கண்ணில் தெரிந்தது. எண்ணெய் நெற்றியில் வழிந்து காதோரம் இறங்கியிருக்கும். முதல் இடி கேட்டதும் எவ்வளவு சந்தோஷமாக வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்! அந்தச் சந்தோஷம் மூன்று மாடி இறங்கி அழகம்மாளின் ஜாக்கெட் துணியில் போய் நின்றிருக்கிறது.

"இந்தக் கட்டடத்துல விரதம் தெரியாத ஆளு கிடையாது," என்றாள். "நேத்து அறிக்கை போய்ச் சேராத ஆளுதான் குளிச்சிருக்கணும். போன் அணைஞ்சு கிடக்கிற ஆளு."

ஜோ மேலே போகும் படியைப் பார்த்தான்.

"புதன்கிழமைல இருந்து," என்றான்.

மூன்றாம் மாடிக் கதவில் வெளிப்பக்கமாகப் பெரிய பூட்டு தொங்கியது. கைப்பிடியில் தூசி. பூட்டில் தூசி இல்லை.

"வெளிய பூட்டியிருக்கு," என்றான் ஜோ மெதுவாக. "உள்ள இருக்கிற பொண்ணு கையை நீட்டி வெளிய பூட்ட முடியாது. அப்ப சாவி வச்சிருக்கிற ஆளு பூட்டியிருக்கு. சாவி செயலாளர் வீட்டுல. ஐயையோ அக்கா, தனிஸ்லாஸே மகளை ஒளிச்சு வச்சிட்டு, நம்மளையும் தேடச் சொல்லிட்டு, ஜெபக் கூட்டமும் போட்டாரா? அந்த மனுசனுக்கு அம்புட்டு மூளை இருக்கிற மாதிரி தெரியலையே."

கனகலட்சுமிக்குக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது. அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் தனிஸ்லாஸ் எழுந்து நின்று, "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். உட்கார்ந்ததும் கேட்டார். டீ வந்த பிறகும் கேட்டார். அவர் மனைவி ஆனிமேரி கேட்டது ஒன்றே ஒன்று.

டீக்குச் சர்க்கரை போடலாமா என்று.

முதல் மாடிக்குத் திரும்பியபோது தனிஸ்லாஸ் முன்பக்க பால்கனியில் நின்று வானத்தையும் தெருச் சாக்கடை மூடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் மறுபடி கறுத்திருந்தது. ஜோவை அவரிடம் பேச்சுக் கொடுக்க அனுப்பிவிட்டு கனகலட்சுமி சமையலறைக்குள் போனாள்.

ஆனிமேரி அடுப்பில் பால் வைத்திருந்தாள். கேட்டுப் பக்கம் பார்த்த ஜன்னலில் ஒரு துண்டு கட்டித் தொங்கியது. திரைச்சீலைக் கம்பி இல்லாததால் இரண்டு ஆணியில் முடிந்திருந்தது. அதை விலக்கினால் கீழே கறுப்புக் குடை தெரியும்.

"மேல இருக்கிற பிள்ளைகிட்ட வால்வு விரதம்னு சொல்ல மறந்துட்டீங்களாம்மா?"

ஆனிமேரி திடுக்கிடவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"மறக்கல. ஜெபக் கூட்டத்துக்கு வந்தவங்க எந்திரிக்கவே இல்ல. அவ திரும்பி வரணும்னு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்க. நான் மட்டும் எந்திரிச்சு எப்படி மேல போக? தண்ணி எறங்குற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

"கேட்டுச்சா?"

"குழா இந்தச் செவத்து வழியாத்தான் எறங்குது." சுவரைத் தொட்டுக் காட்டினாள். "தலை கனக்குதும்மான்னு சொன்னா. நான்தான் எண்ணெய் கொண்டுபோயிக் குடுத்தேன். மழை வந்தா குளிச்சுக்கோன்னும் நான்தான் சொன்னேன். வால்வு ஞாபகம் அப்ப வரல."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோம். 'எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்பா'ன்னு நேராவே சொன்னா. அவரு சிரிச்சாரு. பொண்ணுக்கு வெக்கம்னாரு. ஓலை வாசிச்சப்பறம் மறுபடி சொன்னா. இன்னும் வெக்கம் போகலன்னாரு. நான் சொன்னேன். பிள்ளையப் பிரியுற கவலைல பேசுறன்னாரு." பால் பொங்கி வந்தது. ஊதி அடக்கினாள். "அவரு கெட்டவரு இல்ல. நம்ம பேசுறதுக்கு முன்னாடியே அவருக்குள்ள ஒரு அர்த்தம் தயாரா இருக்கும். அது மட்டுந்தான் அவருக்குக் கேக்கும். மாப்பிள்ளை பிளைட் ஏறினப்பறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"அதுவரைக்கும் அந்தப் பையன் உள்ள இருக்கணுமா?"

"விசாரிச்சிட்டு விட்ருவாங்கன்னு நெனச்சேன்."

"இன்னைக்குச் சாயங்காலம் கேஸ் போடப் போறாங்க. கீழ அவங்கம்மா நிக்குது."

"தெரியும்," என்றாள் ஆனிமேரி. துண்டைப் பார்க்காமல் சொன்னாள்.

இந்தப் பெண்மேல் கோபப்பட வேண்டும் என்று கனகலட்சுமிக்குத் தோன்றியது. கோபம் வரவும் செய்தது. ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் அது சமையலறையிலேயே நின்றது. முப்பது வருஷம் ஒரு வீட்டில் பேசிப் பேசி, ஒரு சொல்கூட வந்த உருவத்தில் போய்ச் சேராத ஒருத்தி, கடைசியில் பேச்சை விட்டுவிட்டுப் பூட்டை எடுத்திருக்கிறாள். அதற்கான விலையைத் தன் வீட்டில் வாங்காமல் தங்கப்பொண்ணு வீட்டில் வாங்கியிருக்கிறாள். அது அவளுக்குத் தெரியும் என்பதற்கு ஜன்னலில் கட்டிய துண்டே சாட்சி.

"ஆஷ்லினுக்குத் தெரியுமா?"

"சிவபாண்டியப் பத்தியா? தெரியாது."

"சாவி?"

ஆனிமேரி பாலை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அரிசி டின்னுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் மாடிப் பூட்டு எண்ணெய் போட்டதுபோல் திறந்தது. உள்ளே ஆஷ்லின் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய ஆங்கில அகராதியைப் படித்துக்கொண்டிருந்தாள். வேறு புத்தகம் இல்லை. வீடு முழுக்கச் சீயக்காய் வாசம். அம்மாவையும் பின்னால் நின்ற அந்நியப் பெண்ணையும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கல்யாணம் நின்னுருச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள் கனகலட்சுமி. "உங்களைக் கடத்தினதுக்குச் சிவபாண்டியப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"யாரை?"

"சிவபாண்டிய."

"அவனா? அவனுக்கும் எனக்கும் என்ன? தெனமும் மத்தியானம் என் டிபன் பாக்ஸ்ல இருந்து முட்டையத் திருடுவான். அன்னைக்கு பஸ் வரலன்னு பைக்ல கொண்டுவந்து விட்டான்." அவள் குரல் மெல்ல இறங்கியது. "எப்பப் பிடிச்சாங்க?"

"நேத்துக் காலையில."

ஆஷ்லின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி சோறு கொண்டு வந்தியேம்மா. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எறங்கி வந்துருவ," என்றாள் ஆனிமேரி.

ஆஷ்லின் அகராதியை மூடி, எடுத்த அலமாரியிலேயே வைத்தாள். செருப்பைத் தேடினாள். வாசலில் கிடந்தால் தெரிந்துவிடும் என்று அம்மா முதல் நாளே கொண்டுபோயிருந்தாள். வீட்டுக்காரரின் பாத்ரூம் செருப்பு இருந்தது. இரண்டும் இடது கால். அதையே போட்டுக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாம் மாடி தாண்டும்போது மழை பிடித்தது. முதல் மாடி வாசலில் தனிஸ்லாஸ் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜோ குடை பிடிப்பவன்போல் நின்றிருந்தான். அவர் 'அன்புடையீர்' வரை வந்திருந்தார்.

மகளைப் பார்த்தார். அவள் வந்த திசையைப் பார்த்தார். மாடிப்படியில் மேலே இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று தேடுவதுபோல் அண்ணாந்து பார்த்தார். படியில் ஆனிமேரி நின்றிருந்தாள்.

"பாப்பா," என்றார். "பயந்துட்டியாம்மா?"

"இல்லப்பா."

"அந்தப் பய மெரட்டி..."

"அப்பா." அவள் இரண்டு படி இறங்கி அவருக்கு நேரே வந்து நின்றாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆன்சன் நல்லவருதான். நல்லவங்க எல்லாரையும் கட்டிக்க முடியாது. எனக்குப் பயம் இல்ல. யாரும் மெரட்டல. வெக்கமும் இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம். அம்புட்டுத்தான்."

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். வழக்கமான அர்த்தம் உள்ளே தயாராகிறதா என்று கனகலட்சுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. மனிதர் முதல் முறையாக அர்த்தம் இல்லாமல் நின்றார். அது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஆஷ்லின் இறங்கினாள்.

கேட்டில் தங்கப்பொண்ணு அவளை அடையாளம் கண்டுகொண்டாள். போலீஸ் காட்டிய போட்டோவில் பார்த்த முகம்தான்.

"இம்புட்டு நேரமும் மேலயா இருந்த?"

"ஆமாம்மா. எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"காலையில இருந்து நிக்கிறேன்," என்றாள் தங்கப்பொண்ணு. "ஒருக்கா அண்ணாந்து பாக்கத் தோணலையே எனக்கு."

ஜோ ஆட்டோ கொண்டுவந்தான். ஆட்டோவரை இருவரும் நடந்தார்கள். குடை தங்கப்பொண்ணு தலைக்கு மேலேயே இருந்தது. ஆஷ்லின் நனைந்தாள். ஏறும் நேரத்தில் தங்கப்பொண்ணு குடையைச் சாய்த்துப் பிடித்தாள். அது மனம் இரங்கியதாகவும் இருக்கலாம். குடையோடு ஆட்டோவில் ஏற முடியாது என்பதாகவும் இருக்கலாம்.

ஸ்டேஷனில் வேலை சீக்கிரம் முடிந்தது. தானாகவே வீட்டை விட்டுப் போனதாக, வயது வந்த பெண் வந்து சொன்ன பிறகு இன்ஸ்பெக்டருக்கு எழுத வேறு எதுவும் இருக்கவில்லை. எங்கே இருந்தாய் என்றார். வீட்டில் என்றாள். பேனாவை வைத்துவிட்டுக் கனகலட்சுமியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

சிவபாண்டி சட்டை கசங்கி வெளியே வந்தான். உதடு வீங்கியிருந்தது. ஆஷ்லினைப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாப்புலதான விட்டேன்?" என்றான். இரண்டு நாளில் அவனுக்கே சந்தேகம் வந்திருந்தது.

"ஆமா. பஸ் ஸ்டாப்புலதான்."

"சொல்லு. இவிங்ககிட்ட இன்னொருக்கா நல்லாச் சத்தமாச் சொல்லு."

அவள் சொன்னாள். ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தங்கப்பொண்ணு மகனின் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளிடம் எதுவும் பேசாமல், அவனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது சிவபாண்டி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"திங்கக்கிழமை ரெண்டு முட்டை கொண்டு வாரேன்," என்றாள் ஆஷ்லின்.

"அண்ணே, நாலா கேளுங்க," என்றான் ஜோ. "ரெண்டு ரொம்பக் கம்மி."

ஸ்டேஷன் வாசலில் மழை விடுவதற்காக நின்றார்கள். ஆஷ்லின் பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். சேர்ந்து கிடந்தவை எல்லாம் சடசடவென்று வந்து விழுந்தன. அவற்றில் நேற்றைய வால்வு அறிக்கையும் இருந்தது. அதைப் படித்துவிட்டு, "ஐயையோ, அழகம்மாக்கா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு விஷயமே புரிந்தது.

அதற்கடியில் புதிதாக ஒன்று வந்தது. அனுப்பியவர் தனிஸ்லாஸ். வந்த இடம் அடுக்குமாடிக் குழு. மகளுக்கு அனுப்ப நினைத்ததை அவசரத்தில் எங்கோ தட்டியிருக்கிறார். ஆஷ்லின் அதைக் கனகலட்சுமியிடம் நீட்டினாள்.

'அன்புடையீர், மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லியாகிவிட்டது. வெட்கம் இல்லை என்பது புரிந்தது. சாப்பிட வரவும். இவண், அப்பா.'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் பதில் வந்தது. அழகம்மாள்.

'நல்ல முடிவு சார். இப்ப வால்வு மூடியிருக்கா தொறந்திருக்கா? மொதல்ல அதச் சொல்லுங்க.'